பெரிய மெமரி கார்டு வாங்கும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெமரி கார்டு வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, “எத்தனை ஜிபி, என்ன விலை?” என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. உங்கள் கருவி எந்த வகைக் கார்டை ஏற்கும், அந்தக் கார்டு தடங்கலின்றி எந்த வேகத்தில் எழுதும், கைக்கு வந்த கார்டு அசல்தானா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு கொள்ளளவைப் பற்றிப் பேசலாம். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் பணமும் போகிறது, பணத்தால் திரும்ப வாங்கமுடியாத படங்களும் போகின்றன. முதல்முறையாக 64 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து, வாங்குவதிலிருந்து கார்டு கெட்டுப்போகும் நாள்வரை செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கருவி எதை ஏற்கும் என்று பாருங்கள்

கேமராக்களிலும் செல்பேசிகளிலும் பரவலாகப் பயன்படும் மெமரி கார்டு வகை எஸ்டி. அது 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்தது. தொடக்கக் காலக் கார்டுகள் 2 ஜிபியோடு நின்றன. தேவை பெருகப் பெருக, புதுப்புதுத் தரங்கள் வந்தன. 2006இல் வந்த எஸ்டிஹெச்சி 32 ஜிபி வரை, 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி), 2018இல் அறிவிக்கப்பட்ட எஸ்டியூசி 128 டிபி வரை. இன்று கடைகளில் கிடைக்கும் 64, 128, 256, 512 ஜிபி, 1 டிபி கார்டுகள் எல்லாமே எஸ்டிஎக்ஸ்சி வகை. பெரிய எஸ்டி கார்டானாலும் சரி, 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உள்ள மைக்ரோ எஸ்டியானாலும் சரி, தரம் இதுவேதான்.

எல்லாத் தரங்களுக்கும் உருவம் ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருகிறது. 32 ஜிபி வரை மட்டுமே ஏற்கும் பழைய கேமராவிலும் 256 ஜிபி கார்டு சொகுசாக உள்ளே போய் ‘கிளிக்’ என்று உட்காரும். ஆனால் வேலை செய்யாது, அல்லது ஃபார்மட் செய்யச் சொல்லும், அதாவது உள்ளதை அழித்துக் கார்டைப் புதிதாக அமைக்கச் சொல்லும். புதிய கருவி பழைய கார்டை ஏற்கும். பழைய கருவி புதிய கார்டை ஏற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சில பழைய கருவிகள் 64 ஜிபி கார்டைச் சமாளித்துவிடுவது உண்மைதான். அதை நம்பிப் பணம் போடாதீர்கள். கருவியின் கையேட்டிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ எந்த வகை, எத்தனை ஜிபி வரை என்று எழுதியிருக்கும். அதுவே முடிந்த முடிவு.

இதற்குச் சமீபத்திய எடுத்துக்காட்டு 2025 ஜூனில் வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற வீடியோ கேம் கருவி. முந்தைய ஸ்விட்சில் சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு போதும். புதியதில் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகைதான் வேண்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே. பழைய ஸ்விட்சுக்கு வாங்கிய 512 ஜிபி கார்டைப் புதியதில் செருகினால், விளையாட்டுகளைப் பொறுத்தவரை அது பயனற்றது.

கருவியோடு நிறுத்திவிடாமல் கார்டு ரீடரையும் கணினியையும் கணக்கில் எடுங்கள். பழைய ரீடர்களில் பல எஸ்டிஹெச்சியோடு நின்றுவிட்டவை. அப்படிப்பட்ட ரீடரில் 128 ஜிபி கார்டைச் செருகினால், “இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவேண்டும், செய்யலாமா?” என்று விண்டோஸ் கேட்கும். கார்டில் படங்கள் இருக்கும்போது அதற்கு ஒருபோதும் ‘ஆம்’ சொல்லாதீர்கள். கார்டு நன்றாகத்தான் இருக்கும். ரீடருக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. வேறு ரீடரில் போட்டால் படங்கள் அப்படியே இருக்கும்.

படி 2: கார்டின் முகத்தைப் படியுங்கள்

ஒரு 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல் நகத்தளவு இடத்தில் ஏழெட்டு அடையாளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பெரிய எழுத்தில் 128 ஜிபி. அதன் பக்கத்தில் எஸ்டிஎக்ஸ்சி என்ற முத்திரை. அதையொட்டி ரோமன் எண் ‘ஒன்று’. ஆங்கில ‘யூ’ எழுத்தின் வயிற்றுக்குள் 3. ‘வி’ எழுத்தோடு ஒட்டிய 30. ‘ஏ’ எழுத்தோடு ஒட்டிய 2. சிலவற்றில் ‘சி’ வடிவ வளையத்துக்குள் 10. இவற்றில் பாதி ஒரே செய்தியைத்தான் திரும்பச் சொல்கின்றன.

வளையத்துக்குள் 10, யூ1, வி10 மூன்றுக்கும் பொருள் ஒன்று: நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் என்ற அளவில் கார்டு தொடர்ந்து எழுதும். யூ3யும் வி30யும் நொடிக்கு 30 மெகாபைட். வி60, வி90 என்பவை முறையே 60, 90 மெகாபைட். இவை ‘அதிகபட்சம்’ அல்ல, ‘குறைந்தபட்சம்’ என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுக்கும்போது நமக்கு வேண்டியது அந்தக் குறைந்தபட்சம்தான். வேகம் தேவைக்குக் கீழே சரிந்தால் கேமரா பதிவை நிறுத்திவிடக்கூடும்.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘நொடிக்கு 170 மெகாபைட்’, ‘200 மெகாபைட்’ என்பவை வேறு கதை. அவை படிக்கும் வேகத்தின் உச்சம். அதாவது கார்டிலிருந்து கணினிக்கு நகலெடுக்கும் வேகம். ரோமன் எண் ‘ஒன்று’ போட்ட கார்டுகளுக்கு, யூஹெச்எஸ்-1 தரத்தின்படி எல்லை நொடிக்கு 104 மெகாபைட்தான். அதைத் தாண்டிய வேகம், அதற்கென்றே செய்யப்பட்ட ரீடரில் போட்டால் மட்டும் கிடைக்கும். உங்கள் மடிக்கணினியிலோ கேமராவிலோ பெரும்பாலும் கிடைக்காது. விளம்பரத்தில் இருக்கும் இந்த எண்ணை வைத்து இரண்டு கார்டுகளை ஒப்பிடுவது வீண்வேலை.

ரோமன் எண் ‘இரண்டு’ போட்ட கார்டைத் திருப்பிப் பார்த்தால் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். அது யூஹெச்எஸ்-2, எல்லை 312 மெகாபைட். கேமராவின் செருகுமிடத்திலும் அந்த இரண்டாவது வரிசை இருந்தால்தான் கூடுதல் வேகம் கிடைக்கும். இல்லையென்றால் கார்டு வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில். விலையோ பல மடங்கு. கேமராவுக்கு அந்த வசதி உண்டா என்று பார்க்காமல் வாங்கவேண்டாம்.

ஏ1, ஏ2 என்பவை செல்பேசியில் செயலிகளை நிறுவுகிறவர்களுக்கு உரியவை. சின்னச் சின்னக் கோப்புகளை எத்தனை விரைவாக எடுத்துக் கொடுக்கும் என்பதன் அளவு அது. ஏ1 கார்டு நொடிக்கு 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வேண்டும். ஏ2 கார்டு 4,000 முறை படிக்கவும் 2,000 முறை எழுதவும் வேண்டும். ஏ2வின் முழுப் பயன் கிடைக்கக் கருவியும் அதற்குத் தக்கதாக இருக்கவேண்டும். கேமராவுக்கும், காரில் பொருத்திச் சாலையைப் பதிவுசெய்யும் டேஷ்கேமுக்கும் இந்த அடையாளத்தைப் பார்க்கவே தேவையில்லை.

படி 3: உங்கள் வேலைக்கு எது போதும் என்று கணக்குப் போடுங்கள்

வீடியோவின் தரத்தை கேமராக்கள் மெகாபிட்டில் சொல்லும். கார்டுகள் மெகாபைட்டில் சொல்லும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே கேமரா சொல்லும் எண்ணை எட்டால் வகுத்துவிடுங்கள். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுக்கிறீர்கள் என்றால், கார்டுக்குப் போவது நொடிக்கு 12.5 மெகாபைட். வி10 போதாது, வி30 தாராளம். 4கே என்றதும் வி90 கார்டைத் தலையில் கட்டப் பார்க்கும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம். கொள்ளளவும் இதே கணக்கில் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் எடுக்கலாம்.

படம் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. 24 மெகாபிக்சல் கேமராவில் ரா வடிவப் படம் (சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒன்று 25 முதல் 30 மெகாபைட் இருக்கும். 128 ஜிபியில் நாலாயிரத்துக்கு மேல் எடுக்கலாம். தனித்தனியாக நிதானமாக எடுக்கிறவருக்கு எந்த வி30 கார்டும் போதும். திருமணப் படம் எடுக்கிறவருக்கு அப்படி இல்லை. கெட்டிமேளம் கேட்டதும் ஷட்டரை அழுத்தியவர் விரலை எடுப்பதில்லை. நொடிக்குப் பத்துப் படம் என்றால் 250 மெகாபைட்டுக்கு மேல் கேமராவுக்குள் குவிகிறது. கேமராவின் உள் நினைவகமான பஃபர் சில நொடிகள் தாங்கும். அது நிறைந்ததும் கார்டு எழுதி முடிக்கும்வரை கேமரா அடுத்த படத்தை எடுக்காது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது முடிச்சு விழுந்துவிட்டிருக்கும். யூஹெச்எஸ்-2 கார்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்த இடத்தில்தான் நியாயம்.

கார் டேஷ்கேமுக்கும் சிசிடிவிக்கும் வேகம் பெரிய பொருட்டல்ல, ஆயுள்தான் பொருட்டு. இவை இரவு பகலாகப் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். கார்டிலுள்ள ஒவ்வொரு நினைவகச் சிற்றறையையும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுதமுடியும். வெயிலில் நிறுத்திய காரின் வெப்பம் வேறு. ‘ஹை எண்டுரன்ஸ்’ என்று எழுதிய கார்டுகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. எத்தனை மணி நேரப் பதிவைத் தாங்கும் என்பதும் பெட்டியிலேயே இருக்கும். சாதாரணக் கார்டை டேஷ்கேமில் போட்டால் வாரண்டி செல்லாது என்று சில நிறுவனங்கள் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கின்றன. இங்கே பெரிய கொள்ளளவு இன்னொரு வகையிலும் உதவுகிறது: கார்டு பெரிதாக இருந்தால் அதே இடத்தில் மறுபடி எழுதும் முறை வர அதிக நேரமாகும், ஆயுளும் கூடும்.

ஒரே 256 ஜிபி கார்டா, இரண்டு 128 ஜிபியா என்று கேட்பவர்கள் உண்டு. திரும்ப எடுக்கமுடியாத நிகழ்ச்சி என்றால் நான் இரண்டு சிறியதையே சொல்வேன். ஒன்று கெட்டாலும் பாதி மிஞ்சும். அதைவிடச் சிறந்த வழி, இரண்டு செருகுமிடம் உள்ள கேமராவில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி அமைத்துக்கொள்வது. பல கேமராக்களின் மெனுவில் இந்த வசதி இருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

படி 4: வாங்கியதும் சோதியுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை.

போலி மெமரி கார்டுகள் சந்தையில் நிறையவே உலவுகின்றன. அவை செய்யப்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால் சோதனை ஏன் தேவை என்று புரியும். கார்டுக்குள் நினைவகச் சில்லும், அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கின்றன. ‘எனக்கு இத்தனை ஜிபி இருக்கிறது’ என்று கணினிக்குச் சொல்வது கட்டுப்பாட்டுச் சில்லு. அதைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டால், 16 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 1 டிபி என்று சொல்லும். கணினி நம்பும், செல்பேசி நம்பும், நாமும் நம்புவோம். முதல் 16 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். அதற்குப் பிறகு வருகிற படங்கள், எழுதி முடித்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதுவதுபோலப் பழைய படங்களின் மேலேயே விழும். அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் சரியாகத் தெரியும். திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம். மாதக்கணக்கில் கழித்துத்தான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்குள் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் காலமும் கடந்திருக்கும்.

கொள்ளளவு திரையில் சரியாகத் தெரிவது சோதனையாகாது. கார்டை முழுவதும் நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. செய்முறை எளிது. கார்டு காலியாக இருக்கவேண்டும். ரீடரில் போட்டு, மென்பொருளில் அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்து, எழுதிச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். 1 ஜிபி அளவிலான கோப்புகளாகக் கார்டு நிறையும். பிறகு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கப்படும். நல்ல ரீடரில் 128 ஜிபி கார்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மெதுவான ரீடரில் இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போவது நல்லது. பிழையில்லை என்று வந்தால் அந்தக் கோப்புகளை அழித்துவிட்டு நிம்மதியாகப் பயன்படுத்தலாம். பிழை என்று வந்தால், முதலில் வேறு ரீடரிலும் ஒருமுறை சோதியுங்கள். மறுபடியும் பிழை என்றால், முடிவைப் படம்பிடித்து ரசீதோடு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

இந்தச் சோதனையில் எழுதும் வேகமும் தெரிந்துவிடும். வி30 என்று போட்ட கார்டு நல்ல ரீடரில் நொடிக்கு 12 மெகாபைட்டில் தவழ்ந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

விலையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 64 ஜிபி விலைக்கு 1 டிபி கார்டு கிடைக்கிறது என்றால் அது போலி. வேறு விளக்கம் இல்லை. இணையக் கடைகளில் ஒரே பொருளைப் பல விற்பனையாளர்கள் விற்பார்கள். விற்பவர் யார் என்ற வரியைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 128 ஜிபி கார்டைச் செருகினால் விண்டோஸில் 119 ஜிபி என்று காட்டும். அது மோசடி அல்ல. கார்டு நிறுவனம் ஒரு ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணைக் கணக்கிடுகிறது. அதே காரணத்தால் 256 ஜிபி கார்டு 238 என்றும், 1 டிபி கார்டு 931 ஜிபி என்றும் தெரியும்.

படி 5: எந்தக் கருவியில் பயன்படுத்துகிறீர்களோ அதிலேயே ஃபார்மட் செய்யுங்கள்

கேமராவுக்கு வாங்கிய கார்டைக் கேமராவின் மெனுவிலிருந்து ஃபார்மட் செய்யுங்கள். தனக்கு வேண்டிய கோப்புறைகளை அது அமைத்துக்கொள்ளும். கணினியில்தான் செய்யவேண்டும் என்றால், எஸ்டி தரங்களை வகுக்கும் எஸ்டி சங்கம் இலவசமாக வெளியிடும் ஃபார்மட்டர் மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

எஸ்டிஹெச்சி கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு முறையையும், எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையையும் பயன்படுத்துகின்றன. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டமுடியாது. 32 ஜிபி கார்டில் நீண்ட 4கே வீடியோ எடுத்தால் ஆறு நிமிடத்துக்குள் அடுத்த கோப்பு தொடங்கிவிடுவது இதனால்தான். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை.

ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் ஓர் எச்சரிக்கை. கார்டைச் செருகியதும் சில மாடல்கள், கூடுதல் உள் சேமிப்பாகப் பயன்படுத்தவா அல்லது தனிச் சேமிப்பாகவா என்று கேட்கும். ஆண்ட்ராய்டு 6இல் வந்த வசதி இது. உள் சேமிப்பு என்று தேர்ந்தெடுத்தால் கார்டு அந்தச் செல்பேசியோடு பூட்டப்பட்டுவிடும். கழற்றிக் கணினியில் போட்டால் எதுவும் தெரியாது. செல்பேசி பழுதானால் கார்டிலிருக்கும் படங்களும் அதோடு போய்விடும். படங்களுக்காகக் கார்டு வாங்கியவர்கள் தனிச் சேமிப்பையே தேர்ந்தெடுங்கள்.

படி 6: அன்றாடப் பழக்கம்

விளக்கு எரியும்போது கார்டைக் கழற்றாதீர்கள். கணினியில் எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள். பெரிய எஸ்டி கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டு நகர்ந்திருந்தால் ‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று கேமரா சொல்லும். மேலே தள்ளினால் சரியாகிவிடும்.

படங்களைக் கணினிக்கும் இன்னோர் இடத்துக்கும் நகலெடுத்து, நகலில் நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யவேண்டும். கார்டையே அலமாரியில் வைத்துக் காப்பகமாக்குவது சரிவராது. சிற்றறைகளில் மின்னேற்றமாகத்தான் தகவல் இருக்கிறது. வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும்.

படி 7: கார்டு மக்கர் செய்தால்

படம் தவறுதலாக அழிந்துவிட்டாலோ, கார்டு திடீரென்று படிக்கமுடியாமல் போனாலோ, அந்த நொடியே அதில் எழுதுவதை நிறுத்துங்கள். இன்னொரு படம்கூட எடுக்கவேண்டாம். அழித்தல் என்பது பல நேரங்களில் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது மட்டுமே. படம் அதே இடத்தில் இருக்கும், புதிய படம் அதன் மேல் விழும்வரை. வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். தெரிந்தால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்டெடுக்க முயலுங்கள். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்காமல் கணினியின் வன்தட்டில் சேமியுங்கள்.

படிக்கமுடிகிறது, ஆனால் அழிக்கவும் ஃபார்மட் செய்யவும் முடியவில்லை என்றால், கார்டின் ஆயுள் முடிந்து எழுதுவதைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கக்கூடும். அதைச் சரிசெய்ய இணையத்தில் சொல்லப்படும் கட்டளைகளை முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். இருப்பதை நகலெடுத்துவிட்டு, வாரண்டி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த ரீடரிலும் கார்டு தெரியவே இல்லை, உள்ளே இருப்பதோ கட்டாயம் வேண்டியது என்றால், தகவல் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போகவேண்டும். மைக்ரோ எஸ்டியில் எல்லாச் சில்லுகளும் ஒரே வார்ப்பாக மூடப்பட்டிருப்பதால், மேற்பூச்சைச் சுரண்டி நுண்ணிய கம்பிகளை இணைத்துப் படிக்கிறார்கள். செலவு கார்டின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். வெற்றிக்கு உறுதியும் இல்லை. கொடுப்பதற்கு முன், மீட்கமுடியாவிட்டால் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.